குட்டன் ஓடும் விளையில் அரளி இருக்கலாமா?

கேள்வி: நாங்கள் அருமனைப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிக் குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி ஐம்பது சென்ட் விளை. பின்பக்கம் ரப்பர், கமுகு, வாழை, கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி). முன்பக்கம் என் மாமியார் பூஜைக்கென்று வளர்த்த அரளியும் தெச்சியும் (இட்லிப் பூ). நர்சரியில் வாங்கிய, குட்டைப் பனை போலிருக்கிற சைகஸ் இரண்டு, தொட்டியில் நிற்கிறது. நான்கு மாத லாப்ரடார் கலப்புக் குட்டி ஒன்றை வளர்க்கிறோம், பெயர் குட்டன். கண்டதையெல்லாம் கடிக்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டு நாய் வாந்தி எடுத்து, மூன்றாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனது. அரளி தின்றுதான் செத்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அரளியை வேரோடு வெட்டவேண்டும் என்கிறார் கணவர். வெட்டக்கூடாது, நாயைக் கட்டிப் போடு என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அரளி அல்ல, அந்த மஞ்சள் கண். அதைப் பேசிவிட்டுத்தான் தோட்டத்துக்கு வரவேண்டும்.

அரளி இதயத்தைத் தாக்கும் விஷம். ஒரு நாய் அதை விழுங்கினால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். எச்சில் ஒழுகும், வாந்தி வரும், வயிறு போகும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூன்றாம் நாள் கண்ணும் ஈறும் மஞ்சளாவது அதன் வழக்கம் இல்லை. மஞ்சள் என்றால் கல்லீரல் கெட்டிருக்க வேண்டும், அல்லது இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்திருக்க வேண்டும். செத்த நாயைப் பார்க்காமல் காரணத்தை அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் நம் பகுதியில் இந்த வரிசையில் ஒரு நாய் செத்தால் என் நினைவுக்கு வருபவை மூன்று. ஒன்று சைகஸ். அடுத்தது உண்ணிக் காய்ச்சல். மூன்றாவது, எல்லைக்கு அந்தப் பக்கம் எலிப்பனி என்றும் இந்தப் பக்கம் எலிக்காய்ச்சல் என்றும் சொல்கிற லெப்டோஸ்பைரோசிஸ்.

இந்த மூன்றாவது மனிதருக்கும் வரும். எலியின் சிறுநீரிலிருந்தும் நோய் கண்ட நாயின் சிறுநீரிலிருந்தும் ஈரமண்ணுக்கும் தேங்கிய நீருக்கும் போய், கால் வெடிப்பு, சிறு காயம் வழியாக உடம்புக்குள் நுழையும். மழைக்காலத்தில் செருப்பில்லாமல் ரப்பர் விளைக்குள் நடக்கிற ஊர் நம்முடையது. அந்த நாயைக் கையால் தொட்டவர்கள், அது கிடந்த இடத்தைக் கழுவியவர்கள் யாருக்காவது அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். "பக்கத்தில் ஒரு நாய் மஞ்சளாகிச் செத்தது" என்ற ஒரு வரியைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். காலத்தில் பார்த்தால் குணமாகிற நோய் இது. குட்டனுக்குப் போட்ட கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று ஊசிப் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள், எல்லா ஊசியிலும் அது இருப்பதில்லை. மூன்று மாதம் கடந்த குட்டி என்பதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, இனி உங்கள் விளைக்கு வருவோம்.

விஷச் செடிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் நம் நாட்டில் எந்த வீட்டிலும் நாய் வளர்க்க முடியாது. பட்டியலில் கற்றாழையும் இருக்கும், மணி பிளாண்ட்டும் இருக்கும், அரளியும் இருக்கும். மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நான் சொல்வது வேறு வழி. நிமிர்ந்து நின்று செடிகளை எண்ணாதீர்கள். ஒரு நாள் காலையில் குட்டனின் உயரத்துக்குக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே விளையைச் சுற்றி வாருங்கள். நாய் மரத்தில் ஏறித் தின்பதில்லை. கீழே உதிர்ந்தது, மண்ணில் புதைந்தது, நாம் மண்ணில் கலந்தது, குப்பைக் குழியில் கொட்டியது, இவைதான் அதன் வாய்க்குப் போகின்றன. உயிரை எடுக்கக்கூடியவை அந்தத் தரையில் சிலதான் இருக்கும். அவற்றை மட்டும் கறாராகப் பார்த்தால் போதும்.

முதலில் வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியது அந்த இரண்டு சைகஸ் தொட்டிகள். உங்கள் வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தில் அதன் பெயரே வரவில்லை. எல்லாருடைய கண்ணும் அரளி மேல் இருக்கும்போது இது வாசலில் அழகாக நிற்கிறது. சைகஸில் எல்லாப் பாகமும் விஷம், அதிலும் விதை மிகக் கொடியது. ஒன்றிரண்டு விதை தின்றே நாய்கள் செத்திருக்கின்றன. தொட்டிச் செடியில் விதை வர வருடங்கள் ஆகும் என்றாலும், இலையின் அடிப்பாகத்தையும் தண்டின் குமிழையும் குட்டிகள் கரண்டித் தின்னும். பல் முளைக்கிற பிராயத்தில் அந்தச் சொரசொரப்பு அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். தின்ற அன்று வாந்தி, கொஞ்சம் சோர்வு. அடுத்த நாள் தேறியது போலத் தோன்றும். நாமும் நிம்மதியாகிவிடுவோம். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழந்து மஞ்சள் காட்டும்போது கையில் செய்ய அதிகம் இருக்காது. பக்கத்து வீட்டிலும் சைகஸ் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். மலபார் பக்கத்தில் ஈந்துக்காயைப் பல நாள் ஊறவைத்து, காயவைத்து, மாவாக்கிச் சாப்பிடுகிற பழக்கம் உண்டு. அந்த ஈந்தும் இதே குடும்பம்தான், அத்தனை பக்குவமும் அதன் விஷத்தை எடுப்பதற்காகத்தான். சைகஸை வேலி கட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நாயும் குழந்தையும் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து அரளி. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் எல்லாமே இதயத்தைப் பிடிக்கும் விஷம்தான். மஞ்சள் அரளி வேறு செடி, அதன் கொட்டை இன்னும் மோசம். இலை காய்ந்து சருகானாலும் விஷம் போகாது. பூவோ கொம்போ ஊறிக் கிடந்த பாத்திரத்துத் தண்ணீர் கூட ஆபத்து. ஆனால் அரளி கசப்பு. சும்மா நிற்கிற அரளியைத் தேடிப் போய் வயிறு நிறையத் தின்கிற வளர்ந்த நாய் அபூர்வம். நான் பார்த்த ஆபத்தெல்லாம் குட்டிகளுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் வெட்டிப்போட்ட கொம்பினால். வேலியை நறுக்கிவிட்டு முற்றத்தில் குவித்து வைப்பார்கள், குட்டி அதில் ஒரு குச்சியை இழுத்துக்கொண்டு போய் நாள் முழுக்கச் சவைக்கும். பிள்ளைகள் கைக்குக் கிடைத்த அரளிக் குச்சியை எறிந்து எடுத்துவரச் சொல்லி விளையாடுவதும் உண்டு. அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அதனால் கணவரும் மாமியாரும் சொல்வதில் ஆளுக்குப் பாதி சரி என்பதுதான் என் தீர்ப்பு. அரளி முழுவதையும் வேரோடு எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டை ஒட்டி, குட்டன் படுத்துக்கிடக்கிற இடத்தில் நிற்பதை எடுத்துவிடுங்கள். மதில் ஓரத்தில் நிற்பதற்கு மூன்றடி உயரத்தில் கோழிவலை அடித்து, அடியில் உதிர்வதை நாள்தோறும் பெருக்குங்கள். வலைக்கு வெளியே கிளை நீண்டால் அதையும் கழிக்கவேண்டும். உதிர்ந்த பூவைப் பெருக்க உங்களுக்கு முடியாது என்றால் மட்டும் செடியே வேண்டாம்.

மாமியாரிடம் பேச ஒரு வழி சொல்கிறேன். தோவாளைச் சந்தையில் அரளி இல்லாமல் ஒரு நாள் விடியாது, தோவாளை மாணிக்கமாலை கட்டுவதே அரளிப் பூவையும் நொச்சி இலையையும் வைத்துத்தான். அந்தப் பூவின் மேல் பெரியவர்களுக்கு இருக்கிற பிரியத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரம், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது. துளசியும் தெச்சியும் ரோஜாவும் போதும் என்றார்கள். பூஜைக்கு வைப்பதைத் தடுக்கவில்லை, வாய்க்குப் போகிற இடத்திலிருந்து மட்டும் விலக்கினார்கள். "கோயிலிலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள் மாமி, நம்ம வீட்டிலும் அப்படியே செய்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். சாமிக்குப் போட்ட அரளிப் பூவை வாடிய பிறகு முற்றத்தில் எறியாமல், ஒரு மூடியுள்ள வாளியில் போட்டுவைக்க ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம், நீங்கள் நடாமலே வேலியில் ஏறியிருக்கக்கூடிய ஒன்று செங்காந்தள். கேரளப் பக்கம் மேந்தோன்னி என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், மழை விழுந்ததும் புதரிலிருந்து தலைநீட்டும். கலப்பை மாதிரி இருக்கிற அதன் கிழங்கில்தான் விஷம் அதிகம். மண்ணைத் தோண்டுகிற நாய்க்கு அது எளிதாகக் கிடைக்கும். தின்றால் இரத்தமாக வயிறு போகும், தப்பிப் பிழைத்தாலும் சில நாள் கழித்து எலும்பு மஜ்ஜை பாதிக்கும். குட்டன் தோண்டுகிற பழக்கம் உள்ளவன் என்றால் வேலியோரத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். ஊமத்தை, குன்றிமணிக் கொடி, ஆமணக்கு, வேலிக்கு நடுகிற காட்டாமணக்கு இவையும் விளைக்குள் வேண்டாம். ஆற்றங்கரை, காயல்கரைப் பக்கம் நாயை நடத்திக் கூட்டிப்போகிறவர்கள் ஒதளங்காயையும் கவனிக்கவேண்டும். பச்சை மாங்காய் போல உருண்டு கிடக்கும், பந்து என்று நினைத்து நாய் கவ்வும். அதன் பருப்பும் அரளி விஷத்தின் இனம்தான்.

உங்கள் பின்பக்கத்து விளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மரச்சீனியின் இலையிலும் தோலிலும் பச்சைக் கிழங்கிலும், ரப்பர் கொட்டையின் பருப்பிலும், சயனைடை வெளிவிடக்கூடிய ஒரே பொருள் இருக்கிறது. நாம் மரச்சீனியை வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிக் களைவது அதற்காகத்தான். மரச்சீனி இலை மேய்ந்து ஆடு விழுந்த கதை உங்கள் மாமியாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நாய் அந்த அளவு இலை தின்னாது, ஆனால் குப்பைக் குழியில் குவிந்த தோலைக் கிளறும். கிழங்கு உரிக்கிற அன்றைக்கே தோலை மண்ணுக்குள் போடுங்கள். வெந்த மரச்சீனி ஒரு துண்டு கொடுப்பதில் தவறில்லை. ரப்பர்க் காய் வெயிலில் வெடித்து உதிர்கிற மாதங்களில் குட்டனைப் பின்பக்கம் தனியாக விடாதீர்கள். இரண்டு கொட்டையைக் கடித்துத் துப்பினான் என்பதற்காகப் பதறவேண்டாம். உடைத்து நிறையத் தின்றுவிட்டு வேகமாக மூச்சு வாங்கினால், தள்ளாடினால், அங்கே நிமிடக் கணக்குத்தான். ரப்பர் அடிக்கிற கொட்டகையில் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் கேனும், உறைந்த ஷீட்டிலிருந்து ஒழுகிய தண்ணீரும் குட்டியின் நாக்குக்கு எட்டக்கூடாது. அந்தக் கொட்டகைக்கு ஒரு கதவு போடுங்கள்.

கமுகு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைப் பாக்கைக் கடித்த நாய்க்கு வாயெல்லாம் நீர் ஒழுகி, வாந்தியும் பேதியும் வரும். பாக்கில் இருக்கிற அரிக்கோலின் என்ற சரக்கை, இன்றைய குடற்புழு மருந்துகள் வருவதற்கு முன் நாய்களுக்கு நாடாப்புழு இறக்கவே கொடுத்து வந்தார்கள். அளவு மீறினால் அதுவே விஷம். உதிர்ந்த பாக்கைப் பொறுக்கிவிடுவது நல்லது. கொல்லா மரம், அதாவது முந்திரி இருந்தால், தோடு நீக்காத கொட்டையின் எண்ணெய் வாயையும் உதட்டையும் புண்ணாக்கும். மாம்பழக் காலத்தில் விஷத்தைவிட மாங்கொட்டைதான் என்னிடம் அதிக நாய்களை அனுப்புகிறது. விழுங்கிய கொட்டை குடலில் அடைத்து, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டிவரும். குட்டனுக்கு மாம்பழம் தரலாம், கொட்டையைத் தராதீர்கள்.

இனி மண்ணில் நாம் கலப்பது. செடியால் சாகிற நாயைவிட, செடிக்கு வைத்த மருந்தாலும் உரத்தாலும் சாகிற நாய்தான் அதிகம் என்பது இத்தனை வருடத் தொழிலில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். ஆமணக்குப் புண்ணாக்கை ரோஜாவுக்கும் வாழைக்கும் வைக்கிறார்கள். அதோடு எலும்புத்தூளும் கலந்தால் நாய்க்கு அது விருந்து வாசனை. மண்ணைத் தோண்டித் தின்னும். ஆமணக்கு விஷம் உடனே காட்டாது, பல மணி நேரம் கழித்துத்தான் இரத்தப்போக்கோடு பேதி தொடங்கும். நாய் இருக்கிற வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் வேண்டாம். மக்கிய சாணமும் வேப்பம்புண்ணாக்கும் போதும், அதையும் மண்ணுக்குள் ஆழமாக வையுங்கள். வாழைக் குழியில் போடுகிற குருணை மருந்து, எலி மருந்து வைத்த உருண்டை, இவை எதுவும் குட்டன் நடமாடுகிற இடத்தில் கூடவே கூடாது. பக்கத்து விளைக்காரர் எலி மருந்து வைத்தால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் பெயரையும் கேட்டு வையுங்கள். ஒரு எலி மருந்து இரத்தம் உறையாமல் செய்யும், இன்னொன்று வயிற்றில் நச்சுவாயுவாக மாறும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நத்தை மருந்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்க நத்தைத் தொல்லை கேரளத்தில் பரவி நம் பக்கமும் வந்ததிலிருந்து மெட்டால்டிஹைடு குருணையை வாங்கி விளை முழுக்கத் தூவுகிறார்கள். தவிட்டில் செய்தது, பார்க்க நாய்த் தீனி போலவே இருக்கும், நாய்க்கும் பிடிக்கும். தின்று சில மணி நேரத்துக்குள் நடுக்கம், வலிப்பு, உடம்பு கொதிக்கிற சூடு. தயவுசெய்து அதைத் தூவாதீர்கள். அந்திக்குப் பிறகு ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையைப் போட்டுவைத்தால் நத்தைகள் வந்து ஒட்டும். கையுறை போட்டு எடுத்து உப்புக் கரைசலில் போடலாம். கையுறை கட்டாயம், அந்த நத்தை மனிதருக்கும் நோய் கொடுக்கும். புகையிலையும் துரிசும் (மயில்துத்தம்) கலந்த கரைசலைத் தெளிக்கச் சொல்வார்கள். தெளிப்பதானால் அது முழுக்கக் காயும்வரை நாய் உள்ளே வரக்கூடாது, கலக்கிய வாளியையும் திறந்து வைக்கக்கூடாது.

மற்றச் செடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, கலேடியம், சேம்பு, பச்சைச் சேனை இவற்றைக் கடித்தால் வாய் அரிக்கும், எரியும், எச்சில் ஊற்றும். நாய் தானே விட்டுவிடும். வாயைத் தண்ணீரால் கழுவி, இரண்டு கரண்டி குளிர்ந்த தயிர் கொடுங்கள், தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் ஓடிவாருங்கள். கற்றாழையின் மஞ்சள் பால் பேதியாக்கும். நித்தியகல்யாணியை நாய்க்கு எட்டாமல் மதில்மேல் வையுங்கள். செம்பருத்தி, தெச்சி, துளசி, ரோஜா, மல்லி, பிச்சி, கனகாம்பரம், கறிவேப்பிலை, வாழை, தென்னை பற்றிக் கவலைப்படவே வேண்டாம். புல்லைத் தின்று வாந்தி எடுக்கிறானே என்றும் சிலர் கேட்பார்கள். எப்போதாவது என்றால் அது நாய்க்கு இயல்பு, மருந்து தெளித்த புல்லாக இல்லாமல் இருந்தால் சரி. வீட்டில் பூனையும் இருந்தால் லில்லிப் பூ வாங்கவே வாங்காதீர்கள். நாய்க்கு வயிற்று உபாதையோடு போகிற சில லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

கட்டிப் போடுவது பற்றி. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற குட்டி பயந்த நாயாகவோ கடிக்கிற நாயாகவோதான் வளரும். அவிழ்த்துவிட்ட அந்த ஒரு மணி நேரத்தில், அதுவரை தொட முடியாத எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்க்கும். அதனால் கட்டுவது இதற்குத் தீர்வாகாது. குட்டனுக்கு இப்போது பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கிற நேரம். ஈறு குறுகுறுக்கிறது, அதனால் கடிக்கிறான். ஏழெட்டு மாதம் ஆகும்போது இந்த வேகம் நன்றாகவே குறையும். அதுவரை விளைக்குள் விடும்போது நீளமான கயிற்றில் பிடித்து, யாராவது கூடவே நடங்கள். முற்றத்தில் ஒரு பகுதியை வலையடைத்து அவனுக்கென்று ஒதுக்குங்கள், அங்கே செம்பருத்தியும் தெச்சியும் மட்டும் நிற்கட்டும். கடிக்கக் குளிர்ந்த காரட், கெட்டியான ரப்பர் பொம்மை கொடுங்கள். தேங்காய் மட்டையைக் கொடுக்கவேண்டாம், நார் குடலில் சிக்கும். "விடு" என்றால் வாயிலிருப்பதைக் கீழே போடப் பழக்குங்கள். பிடுங்கிப் பழக்கினால் அவசரமாக விழுங்கிவிடுவான். இன்னொரு கையில் ஒரு துண்டு மீனோ முட்டையோ காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மூன்று தடவை, விளையாட்டாக. இந்த ஒரு சொல் பல குட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ தின்றுவிட்டான் என்று வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கிற பழக்கம் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. உப்பே நாய்க்கு விஷமாகி மூளையைத் தாக்கும். புளித்தண்ணீர், நல்லெண்ணெய், பால் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். அடுப்புக் கரியும் மருத்துவமனையில் கொடுக்கிற கரியும் ஒன்றல்ல. தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் வந்துவிட்டால், ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து விஷத்தில் பெரும்பகுதியை வெளியே கொண்டுவர முடியும். அந்த நேரத்தை வீட்டு வைத்தியத்தில் தொலைத்துவிடாதீர்கள். வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, கடித்த செடியின் இலையும் காயும் கொண்ட ஒரு கொம்பைப் பையில் போட்டு, மருந்து என்றால் அதன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, முன்பு பின்னால் சொல்கிறேன் என்றது இதுதான். எச்சில் ஒழுகி, கீழ்த்தாடை தொங்கி, விழுங்க முடியாமல் நிற்கிற நாயைப் பார்த்ததும் எலும்பு சிக்கியிருக்கிறது, ஏதோ இலை தின்றிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார்கள். வெறிநோயும் அப்படித்தான் தோன்றும். தடுப்பூசி போடாத நாய், தெருநாய் எதன் வாயிலும் வெறுங்கையை விடாதீர்கள். விட்டுவிட்டீர்கள் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டன் நலமாக இருக்கிற நாளிலேயே இரண்டு விஷயம் பழகி வையுங்கள். அவன் ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சில் கைவைத்துத் துடிப்பை எண்ணுங்கள். நலமான நாள் எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான், விட்டுவிட்டு அடிக்கிறது, மெதுவாகிவிட்டது என்பதெல்லாம் உங்களுக்குப் பிடிபடும். குட்டியின் துடிப்பு அறுபதுக்குக் கீழே போனால் அது அரளியாக இருக்கலாம், காத்திருக்கக்கூடாது.

உங்கள் ஊரிலிருந்து நாகர்கோவிலும் போகலாம், திருவனந்தபுரமும் போகலாம். இராத்திரி எந்த மருத்துவமனை திறந்திருக்கும், எங்கே நாய்க்கு இசிஜி பார்க்க வசதி இருக்கிறது என்று இப்போதே இரண்டு பக்கமும் விசாரித்து, எண்ணை அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். 1962 என்ற நடமாடும் கால்நடை மருத்துவ எண் இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லைப் பக்கம் கைபேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், எடுத்தவுடன் ஊரையும் மாவட்டத்தையும் சொல்லிவிடுங்கள். ஆனால் விஷம் தின்ற நாய்க்கு வண்டி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டு வழியில் போன் செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டோரத்து அரளியை எடுக்கிற அன்று குட்டனை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். கையுறை போட்டு வெட்டச் சொல்லுங்கள், பால் கண்ணில் படக்கூடாது. வெட்டியதை எரிக்கவேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். விளையின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி எடுத்து, உதிர்ந்த இலையையும் கூட்டிப் போட்டு மூடுங்கள். ஓடையிலோ ரோட்டோரத்திலோ எறியாதீர்கள், அடுத்த வீட்டு ஆடு நாயைப் போலக் கசப்புப் பார்த்து நிறுத்தாது. எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குத் தெச்சிப் பதியன் வையுங்கள், மாமியார் கையாலேயே வைக்கட்டும்.